எலும்பிடம் தேதி கேட்பது

2019 மார்ச்சில் இலங்கையின் மன்னார் புதைகுழியின் கார்பன் பரிசோதனை முடிவு வெளியானதிலிருந்து ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. சதொச என்ற அரசுக் கடையின் கட்டட வளாகத்தில் 300-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்ததும், போரில் காணாமல்போனவர்களுடையவையோ என்ற கேள்வி எழுந்ததும், ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனதும், 1404-க்கும் 1635-க்கும் இடைப்பட்டவை என்று பதில் வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அந்தப் பதிலை ஆட்கள் வாங்கிக்கொண்ட விதம்தான் எனக்குச் செரிக்கவில்லை. "போர்த்துக்கேயர் காலத்து எலும்பு, விஷயம் முடிந்தது" என்று ஒரு கூட்டம் கோப்பை மூடியது. "மாதிரியை மாற்றியிருப்பார்கள், இதையெல்லாம் யார் நம்புவது" என்று இன்னொரு கூட்டம் அறிக்கையைத் தூக்கி எறிந்தது. இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூட அந்த எண்கள் எதைப் பற்றிய எண்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

கணக்கில் புலியான நண்பர் ஒருவரோடு இதைப் பற்றி வாக்குவாதம். "ஆறுமே பழசு என்று வந்துவிட்டது. ஒரே குழிதானே, இன்னும் என்ன வேண்டும்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அவர் சொன்னதில் 'ஒரே குழிதானே' என்பது மட்டும் எங்கோ இடித்தது. அதைப் பிடித்துக்கொண்டு, எலும்பை வைத்து இறந்தவர் யார், எப்போது இறந்தார் என்று ஆராயும் தடயவியல் மானுடவியல் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் இந்தத் துறை எங்கேயோ போயிருக்கிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் போகவில்லை. 'இது யார்' என்ற கேள்விக்கு அது நாளுக்கு நாள் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்கிறது. 'எப்போது இறந்தார்' என்று கேட்டால் இன்றும் தடுமாறுகிறது.

ஆள் சரி, காலம் தப்பு

இந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 1977 டிசம்பர், அமெரிக்காவின் டென்னசி மாநிலம், ஃபிராங்க்ளின் என்ற ஊர். உள்நாட்டுப் போர்க் காலத்துக் கல்லறை ஒன்றை யாரோ தோண்டியிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் தலையில்லாத ஓர் உடல், சதை இன்னும் இளஞ்சிவப்பாக. பழைய கல்லறைக்குள் புதிய கொலையை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று போலீஸ் நினைத்தது. வில்லியம் பாஸ் என்ற மானுடவியலாளரை அழைத்தார்கள். அவர் பார்த்துவிட்டு, ஆண், வயது இருபதுகளின் நடுப்பகுதி, இறந்து அதிகபட்சம் ஓராண்டு இருக்கலாம் என்றார். உண்மையில் அந்த உடல் கல்லறைக்குச் சொந்தக்காரருடையதேதான். லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ஷை. 1864 டிசம்பரில் நாஷ்வில் போரில் தன் 26-ஆவது வயதில் இறந்தவர். பதப்படுத்திய உடலை வார்ப்பிரும்புப் பெட்டியில் காற்றுப் புகாமல் அடைத்துப் புதைத்திருக்கிறார்கள். திருட வந்தவர்கள் பெட்டியை உடைத்து உடலை வெளியே இழுத்திருக்கிறார்கள்.

பாஸ் 113 ஆண்டுகள் தவறிவிட்டார். அவரே இந்தக் கதையைப் போகுமிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவர். கேட்பவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்தக் கதையில் வேறொன்றுதான் பட்டது. ஆண் என்றார், சரி. இருபதுகளின் நடுப்பகுதி என்றார், அதுவும் சரி. தலையே இல்லாத ஓர் உடலை வைத்து ஆளைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். காலத்தில் மட்டும்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சறுக்கியிருக்கிறார்.

காரணம் யோசித்தால் புரியக்கூடியதுதான். இடுப்பெலும்பின் வடிவமும் பல் வளர்ந்திருக்கும் நிலையும் அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது உடல் தானே எழுதி வைத்தவை. இறந்தபின் நடப்பதை எழுதுவது உடல் இல்லை. மண்ணும் மழையும் வெப்பமும் பூச்சியும் பெட்டியும் எழுதுகின்றன. அந்தக் கையெழுத்து இடத்துக்கு இடம் மாறும். ஒரே நாளில் இறந்த இருவரில் ஒருவர் பாலைவனத்தில் கருவாடாகக் காய்ந்து பல காலம் கிடப்பார், மற்றவர் ஈரக்காட்டில் சில வாரங்களில் வெறும் எலும்பாகிவிடுவார்.

'யார்' என்பதிலும் சண்டை இல்லாமலில்லை. எலும்பைப் பார்த்து இறந்தவரின் பூர்வீக இனக்குழுவை ஊகித்துச் சொல்லும் பழக்கத்தையே கைவிட வேண்டும் என்று 2020-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதப்போய், துறைக்குள் பெரிய விவாதம் கிளம்பியது. பழைய 'இன' வகைப்பாட்டைப் புதுப் பெயரில் தொடர்கிறோமா என்ற அந்தக் கேள்வி நியாயமானது, தனியாக எழுத வேண்டியது. இருந்தாலும் மரபணுச் சோதனை வந்தபின் 'யார்' என்பதற்கு ஒரு கடைசி நீதிமன்றம் கிடைத்துவிட்டது. எலும்பிலிருந்து மரபணு, உறவினரிடமிருந்து இரத்தத் துளி, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். 'எப்போது' என்பதற்கு அப்படி ஒன்று இல்லை.

போஸ்னியாவில் இந்த இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள். குற்றத்தை மறைக்கப் பிறகு புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறின. அந்தக் குழப்பத்துக்குள்ளும் 2001-லிருந்து மரபணு முறையைக் கொண்டு கிட்டத்தட்ட 7,000 பேரை அடையாளம் கண்டுவிட்டார்கள். ஆனால் அவர்கள் 1995 ஜூலையில்தான் இறந்தார்கள் என்பதை நீதிமன்றத்தில் எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? அதற்கு உதவிய சாட்சிகளில் ஒன்று கைக்கடிகாரம். சில உடல்களின் மணிக்கட்டில் தானாகச் சாவி ஏறும் சீக்கோ கடிகாரங்கள் இருந்தன. கை அசையும்வரை ஓடும், அசைவு நின்றால் ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். நின்ற கடிகாரத்தில் கிழமையும் தேதியும் தெரியும். ஆளை எலும்பு சொன்னது, காலத்தைக் கடிகாரம் சொன்னது.

உடல்களை வெயிலில் போட்டு

கர்னல் ஷையிடம் தோற்ற பாஸ் சும்மா இருக்கவில்லை. 1981-ல் டென்னசி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலத்தில், தானமாக வந்த உடல்களைத் திறந்தவெளியில் வைத்து அவை எப்படிச் சிதைகின்றன என்று நாள்வாரியாகக் குறிக்க ஆரம்பித்தார். 'உடல் பண்ணை' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அதற்குமுன் பலகாலம் பன்றிகளை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனித உடலும் பன்றி உடலும் ஒரே மாதிரி சிதைவதில்லை என்று அதே டென்னசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பிறகு காட்டினார்கள். டெக்சாசில் இதே போன்ற பண்ணை வந்தபோது அங்கே பருந்து வகைப் பிணந்தின்னிகள் ஒரு கூட்டமாக இறங்கிச் சில மணி நேரத்திலேயே ஓர் உடலை எலும்பாக்கிவிடுவதைக் கேமரா பிடித்தது. டென்னசிக் கணக்கை அங்கே போட்டால் பல வாரம் தப்பியிருக்கும். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே 2016-லும், கனடாவின் கியூபெக்கில் 2020-லும் இப்படிப்பட்ட இடங்கள் திறக்கப்பட்டதன் காரணம் இதுதான். ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. வெப்பமான ஈரநிலங்களில், அதாவது புதைகுழிகள் அதிகம் கிடைக்கும் நாடுகள் பலவற்றில், இப்படி ஒரு பண்ணையும் இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இந்தப் பாதையில் வந்த சமீபத்திய பெரிய செய்தி 2024-ல் வெளியான நுண்ணுயிர் ஆய்வு. டென்னசி, டெக்சாஸ், கொலராடோ மூன்று இடங்களில் 36 உடல்களை வைத்து, 21 நாள் தொடர்ந்து தோலிலிருந்தும் அடியில் இருக்கும் மண்ணிலிருந்தும் நுண்ணுயிர்களை எடுத்துப் பார்த்தார்கள். இடம் வேறு, காலநிலை வேறு. ஆனாலும் சிதைக்கிற வேலைக்கு வரும் முக்கிய நுண்ணுயிர்க் கூட்டம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சாதாரணச் சூழலில் அதிகம் தென்படாத இந்த உயிர்களைப் பூச்சிகள் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குச் சுமந்து வருகின்றன போலும். எந்த உயிர் எந்த நாளில் பெருகுகிறது என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தால், இறந்த நாளை மூன்று நாள் முன்பின்னாகச் சொல்கிறது.

இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். படித்து முடித்ததும் எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, கூடவே ஒரு சலிப்பும் வந்தது. 21 நாள்! போர் முடிந்து இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக் குழாய் பதிக்கத் தோண்டும்போது வெளிப்படும் எலும்புக்கு இந்தக் கடிகாரத்தால் ஒரு பயனும் இல்லை. சதை போய், பூச்சி போய், நுண்ணுயிர்களும் வேலை முடித்துப் போனபின் காய்ந்த எலும்பு மட்டும் மிஞ்சுகிறது. 20 ஆண்டு எலும்பையும் 200 ஆண்டு எலும்பையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முயன்று தோற்றவர்கள் ஏராளம்.

1955-க்கு முன்னா, பின்னா

அப்படிப்பட்ட எலும்புக்கு ஒரு கடிகாரத்தை, சம்பந்தமே இல்லாத வேலையில், வல்லரசுகள் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. 1950-களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் திறந்தவெளியில் அணுகுண்டுகளை ஏராளமாக வெடித்துச் சோதித்தன. அதில் காற்றிலிருந்த கார்பன்-14, அதாவது கதிரியக்கமுள்ள கார்பன் வகை, எகிறியது. 1963-ல் வட அரைக்கோளத்தில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. அந்த ஆண்டு திறந்தவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்தபின், கடலும் காடுகளும் அதை மெல்ல உள்வாங்கிக்கொள்ள, அளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தது. காற்றிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து உணவுக்கு, உணவிலிருந்து உடலுக்கு. அந்தக் காலத்தில் சாப்பிட்டு வளர்ந்த எல்லாருடைய உடலிலும் இது ஏறியிருக்கிறது. தப்பிக்க வழியே இல்லை.

நாம் வழக்கமாகக் கேள்விப்படும் கார்பன் காலக்கணிப்பு வேறு. அது கார்பன்-14 சிதைந்து குறைவதை அளக்கிறது. பாதியாகக் குறைய 5,730 ஆண்டு எடுக்கும் ஒரு பொருளை வைத்து முப்பது நாற்பது ஆண்டு வித்தியாசத்தைப் பிரிப்பது கடினம். அதைவிட மோசம், 1650-லிருந்து 1950 வரையான காலத்துக்கு அந்த முறை அனேகமாகக் கைவிரித்துவிடும். காற்றிலிருந்த அளவு அந்த நூற்றாண்டுகளில் ஏறி இறங்கியதால், ஒரே எண்ணுக்குப் பல ஆண்டுகள் பொருந்தும். ஆனால் அணுகுண்டுச் சோதனைகளால் கூடிய இந்தக் குண்டுக் கார்பன் அப்படியல்ல. 1955-க்கு முன் இறந்தவரின் எலும்பில் அது இருக்கவே முடியாது. அதன்பின் வளர்ந்தவரின் எலும்பில் இல்லாமல் இருக்க முடியாது. தடயவியலில் இவ்வளவு சுத்தமான கோடு வேறெங்கும் கிடைத்து நான் பார்க்கவில்லை.

எலும்புக்குள் நுழைந்தால் கொஞ்சம் சிக்கல் கூடும். எலும்பு தன்னைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும். தொடை எலும்பின் கெட்டியான நடுப்பகுதி மிக மெதுவாகப் புதுப்பிக்கும். எனவே 1970-ல் இறந்த ஒரு முதியவரின் தொடை எலும்பில் அவருடைய இளமைக் காலத்துக் கார்பன் நிறைய மிஞ்சியிருக்கும், எண் கலங்கலாக வரும். பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் அப்படி இல்லை. சிறுவயதில் ஒருமுறை உருவாகிவிட்டால் சாகும்வரை மாறாது. 2005-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எனாமலில் உள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு ஒருவர் பிறந்த ஆண்டை, சராசரியாக 1.6 ஆண்டு பிசகில் சொல்லலாம் என்று காட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்றின் அளவு ஒரு மலை மாதிரி ஏறி இறங்கியதால், ஓர் உயரத்தை மட்டும் சொன்னால் அது ஏறும் பக்கமா இறங்கும் பக்கமா என்று தெரியாது. அதற்கு அதே மனிதரின் வெவ்வேறு வயதில் உருவான இரண்டு பற்களை எடுக்கிறார்கள். பிந்திய பல்லில் அளவு கூடுதலென்றால் ஏறும் பக்கம், குறைவென்றால் இறங்கும் பக்கம்.

மன்னார் முடிவைச் சந்தேகித்தவர்களிடம் இருந்த நல்ல வாதம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கடல் உணவை அதிகம் உண்பவர்களின் எலும்பு தன் வயதைக் கூட்டிச் சொல்லும். ஆழ்கடலின் பழைய கார்பன் மேலே வந்து கலப்பதால், கடல்நீரின் மேற்பரப்பே சுமார் 400 ஆண்டு பழையது போலக் காட்டும். மீனைத் தின்றவருக்கும் அந்த வயதில் ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளும். எலும்பிலுள்ள நைட்ரஜன், கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளை, அளந்து கடல் உணவின் பங்கைக் கண்டுபிடித்துத் திருத்துவார்கள். கடற்கரையோர எலும்புக்கு இந்தத் திருத்தம் கட்டாயம். ஆனாலும் இதைக் கொண்டு 1990-ல் இறந்தவரை 1500-க்குத் தள்ள முடியாது. 1960-களுக்குப்பின் குண்டுக் கார்பன் கடலுக்குள்ளும் இறங்கிவிட்டது, மீனுக்குள்ளும் வந்துவிட்டது. தரையில் விளைந்ததைச் சாப்பிடாமல் மீனை மட்டும் தின்று வாழ்ந்தவரும் கிடையாது. மாதிரியில் புதிய அசுத்தம் ஏறியிருந்தாலும் எலும்பு இளையதாகத்தான் தெரியுமே தவிர, பழையதாகத் தெரியாது.

ஆகவே அந்த ஆறு பேரும் பழங்காலத்தவர்கள் என்பதை நான் நம்புகிறேன். இதைச் சொன்னால் ஒரு பக்கத்து நண்பர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும்.

ஆறு

மற்றப் பக்கத்து நண்பர்களுக்கும் கோபம் வர வேண்டிய இடம் இது. 'ஒரே குழிதானே' என்பது ஏன் இடித்தது என்று எனக்குப் பிடிபட்டது, ஓர் இரவு காகிதத்தில் சும்மா ஒரு கணக்கைப் போட்டபோதுதான். 300 பேர் கிடக்கும் குழி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மன்னாரை விடுங்கள், வெறும் கணக்குக்காக. அதில் 90 பேர், அதாவது நூற்றுக்கு முப்பது பேர், சமீப காலத்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் பழங்காலத்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆறு பேரை எடுத்துச் சோதித்தால் ஆறுமே பழசு என்று வர எவ்வளவு வாய்ப்பு? 0.7-ஐ ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 12 சதவீதம். எட்டில் ஒரு முறை 90 பேரும் கண்ணில் படாமல் தப்பிவிடுவார்கள். சமீப காலத்தவர்கள் 15 பேர் மட்டும் என்றால்? ஆறும் பழசு என்று வர 73 சதவீத வாய்ப்பு. அதாவது தப்புவதுதான் வழக்கம், பிடிபடுவது அதிர்ஷ்டம். அந்தப் பதினைந்தில் ஒருவரையாவது பிடித்துவிடுவோம் என்று 95 சதவீதம் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஐம்பது அறுபது மாதிரிகள் வேண்டும்.

இதை வைத்து மன்னாரில் சமீப காலத்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாரும் வாதாட முடியாது. கணக்கு அப்படி எதையும் சொல்லவில்லை. ஆறு முடிவுகள் ஆறு பேரைப் பற்றி உறுதியாகப் பேசுகின்றன, குழியைப் பற்றி அவை பேசுவது மிகக் குறைவு என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. குழியைப் பற்றிப் பேச வேறொன்று வேண்டும், அது ஆய்வகத்தில் இல்லை. எல்லாரும் ஒரே நாளில், ஒரே நிகழ்வில் புதைக்கப்பட்டவர்கள் என்று மண் அடுக்குகள் காட்டினால் ஒரே ஒரு மாதிரி போதும். ஒருவருக்கு என்ன தேதியோ அதுவே அனைவருக்கும். நூற்றாண்டுகளாகப் புழங்கிய மயானம் என்றாலோ, பழைய மயானத்துக்குள் பிறகு வேறு உடல்களும் இடப்பட்டன என்றாலோ, ஆறு போதாது. எந்த எலும்பு எந்த அடுக்கில், எந்த வெட்டுக்குழி எதை அறுத்துக்கொண்டு போகிறது, யாருடைய கால் யாருடைய தோளின்மேல் கிடக்கிறது என்பதெல்லாம் தூரிகையும் கரண்டியுமாகத் தரையில் முழந்தாளிட்டிருப்பவர்களுக்குத்தான் தெரியும். மன்னாரில் முறையாக அடக்கம் செய்தது போன்ற ஒரு பகுதியும், ஒழுங்கின்றிக் கிடந்த இன்னொரு பகுதியும் இருந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. அப்படியானால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த ஆறும் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதுதான். நான் பார்த்த தலைப்புச் செய்தி எதிலும் அந்தக் கேள்வி இல்லை. 1404, 1635 என்ற இரண்டு எண்கள் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தன.

நண்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "மாதிரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள் என்று உனக்கு யார் சொன்னது?" என்றார். சரியான இடத்தில் அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை, நன்றாகப் பாதுகாக்கப்பட்ட எலும்பாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். எலும்பின் புரதமான கொலாஜன் மிஞ்சியிருந்தால்தானே சோதிக்க முடியும். அந்தத் தேர்வு முடிவை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. என் கணக்கைவிட நிலைமை இன்னும் கலங்கல் என்பதுதான் அதன் பொருள்.

தடயவியலில் சமீபத்தில் நடந்த நல்ல மாற்றம் எது என்று கேட்டால், ஆய்வுக் கருவிகளைவிட முன்னதாக நான் இதைச் சொல்வேன்: பிசகின் அளவைச் சொல்லாமல் முடிவைச் சொல்வது வெட்கக்கேடு என்று துறைக்குள் ஆகிவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்பு ஒன்று, நிபுணர் சாட்சியை ஏற்கும் முன் அவருடைய முறையின் பிழை விகிதத்தையும் பார்க்கச் சொன்னது. 2009-ல் அந்நாட்டு அறிவியல் அகாதமியின் அறிக்கை, பல தடயவியல் முறைகளுக்கு அப்படி ஒரு அளவே கிடையாது என்று போட்டு உடைத்தது. 'இருபத்தைந்து வயது இருக்கும்' என்று எலும்பைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகும் காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது. இப்போது வரம்போடு சொல்கிறார்கள், முதியவர்கள் விஷயத்தில் அந்த வரம்பு முப்பது ஆண்டுகூட விரிகிறது. செய்தியாளரிடம் வந்து சேர்வதற்குள் அந்த வரம்பு உதிர்ந்துவிடுகிறது. தேடிக்கொண்டிருக்கும் தாயிடமும், மூடிவிட நினைக்கும் அதிகாரியிடமும் போவது ஒற்றை எண்தான்.

குழந்தைகளின் பற்கள்

2025-ல் யாழ்ப்பாணத்தின் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில், செம்மணிப் பக்கம், தகனமேடை கட்டத் தோண்டும்போது எலும்புகள் வெளிப்பட்டு, அகழ்வு தொடரத் தொடர எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டோடு நீலநிறப் புத்தகப்பை ஒன்று கிடைத்ததை எல்லாரும் படத்தில் பார்த்தோம். பொருள்கள் ஒரு பக்க எல்லையைத் தரும். ஒரு பை தயாரிக்கப்பட்ட ஆண்டுக்கு முன்னால் அது மண்ணுக்குள் போயிருக்க முடியாது. எவ்வளவு பின்னால் போனது என்பதைப் பை சொல்லாது. மயான மண்ணில் பொருள்கள் இடம் மாறும் என்பதால், எலும்போடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்கே மதிப்பு அதிகம்.

இங்கேதான் குண்டுக் கார்பனின் ஒரு விசேஷம் உதவிக்கு வருகிறது. பெரியவர்களின் பல் எனாமல் பிறந்த காலத்தை மட்டும் சொல்லும். நாற்பது வயதில் இறந்தாரா, அறுபதிலா என்பதை எலும்பைப் பார்த்துச் சொல்லும்போது பத்திருபது ஆண்டு பிசகும், எனவே இறந்த ஆண்டும் அதே அளவு பிசகும். குழந்தைகள் விஷயத்தில் இது தலைகீழ். வளரும் பல்லைப் பார்த்து வயதைப் பெரும்பாலும் ஓராண்டுக்குள் சொல்லிவிடலாம். எனாமல் பிறந்த காலத்தைத் தரும். இரண்டையும் கூட்டினால் இறந்த ஆண்டு சில ஆண்டு அகலத்துக்குள் வந்து நிற்கும். 1970-களிலிருந்து 1990-கள் வரை பிறந்தவர்களுக்குக் காற்றின் அளவு தெளிவாக இறங்கிக்கொண்டிருந்தது என்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். பலர் கிடக்கும் குழி ஒன்றில் காலத்தைத் தேடுபவர் முதலில் போக வேண்டியது அங்கே இருக்கும் மிகச் சின்ன பற்களிடம்.

இந்த வசதி எப்போதும் இருக்காது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வெளிவரும் கார்பனில் கார்பன்-14 கிடையாது. அது காற்றைக் கலப்படம் செய்துகொண்டே வந்ததில், வட அரைக்கோளத்தில் சில ஆண்டுகளுக்கு முன் அளவு குண்டுக்கு முந்தைய நிலைக்கே இறங்கிவிட்டது. இனிப் பிறக்கும் குழந்தையின் பல், இந்தச் சோதனையில் பழங்காலத்துப் பல்லைப் போலத் தோன்றத் தொடங்கும்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கார்பன் சோதனை மாதிரியை அழித்துவிடும். மரபணுவுக்கும் பல்தான் நல்ல இடம். 'யார்', 'எப்போது' இரண்டும் ஒரே பல்லுக்குச் சண்டை போடும் என்று நினைத்தேன். படித்துப் பார்த்தால் அந்தச் சண்டையே தேவையில்லை. எனாமலில் உயிரணுக்கள் இல்லை, எனவே அங்கே மரபணு இல்லை. வேர்ப்பகுதியில் இருக்கிறது. ஆகவே ஆய்வகத்தில் பல்லைக் கழுத்தில் குறுக்காக அறுத்து, மேற்பகுதியைக் காலத்துக்கும் வேரை மரபணுவுக்கும் அனுப்புகிறார்கள். அடுத்து வரும் எந்தப் புதைகுழி அறிக்கையிலும் நான் முதலில் புரட்டப்போவது மாதிரிப் பட்டியல் உள்ள பக்கத்தைத்தான்: எத்தனை பேர், எந்த அடுக்கு, எலும்பா பல்லா, பல்லென்றால் எத்தனை வயதுக்காரருடையது.